வெற்றுக் குப்பி

ஒன்றுமே போடாத குப்பியில் ஏதோ இருந்தது.

ஒலிந்தா கண்ணாடியைக் கழற்றி, வேலைக் கோட்டின் ஓரத்தில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். தட்டையாக ஓட வேண்டிய கோடு இடது ஓரத்திலேயே கிளம்பி, முள்வேலி மாதிரி நெருக்கமாக எழுந்து எழுந்து, நடுவில் உப்பி, வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தான் யார் என்பதை முழுசாகச் சொல்லி முடித்திருந்தது. உலையில் சுட்ட மணல், புதிதாகத் திறந்த கரைப்பான், கழுவிச் சூடேற்றிய கண்ணாடி, இவற்றைத் தவிர அந்தக் குப்பிக்குள் அவள் எதையும் போடவில்லை.

கடல் சேற்றில் எண்ணெய் தேடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் சேறே இல்லாத வெற்றுக் குப்பி ஒன்றையும் கூடவே ஓட்டுவார்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றக் குப்பிகளில் கண்டது சேற்றிலிருந்து வந்தது. அது சுத்தமாக இல்லாவிட்டால் எல்லாமே ஆய்வுக்கூடத்து அழுக்கு, பார்த்த வேலை எல்லாம் குப்பை. போன வாரத்திலிருந்து இந்த வெற்றுக் குப்பி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

வெளியே மழை பிடிவாதமாகப் பெய்துகொண்டிருந்தது. சான் ஜுவாவ் பண்டிகை என்பதால் சிக்கலிம் மேட்டில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. கீழே தெருக்களில் தலையில் பூவும் இலையும் சுற்றிய ஆண்கள் வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பானை மேளத்தின் சத்தமும் "விவா சான் ஜுவாவ்" என்ற கூச்சலும் மழையோடு சேர்ந்து ஜன்னல் வரை ஏறி வந்து, அங்கேயே கரைந்து போயின. உள்ளே குளிரறையின் உறுமல், புகைக் கூண்டின் காற்று, கண்ணாடிக் கருவியில் கரைப்பான் நிறைந்து நிறைந்து வடியும்போது வரும் 'குபுக்' என்ற ஓசை. பக்கத்தில் யாரோ தண்ணீர் விழுங்குவது போல இருக்கும். வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம்தான், ஆனாலும் இன்று ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் இரும்புத் தாது ஏற்றிய பார்ஜ் என்கிற தட்டைச் சரக்குப் படகு ஒன்று சுவாரி ஆற்று முகத்தில் கட்டறுந்து போயிற்று. மேல்தளத்தில் இருந்தவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இயந்திர அறையில் இருந்த இனாசியோ, ஒலிந்தாவின் கணவன், சேரவில்லை. பார்ஜ் ஆழ்கடலுக்கு அடித்துப் போய்விட்டது, தேடி ஒன்றும் ஆகாது என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். உடல் இல்லாமல் குழி வெட்ட முடியாதென்று பங்குச் சாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்றப் பெண்கள் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற, இவள் மட்டும் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அந்த நிற்பை அவளால் மறக்கவே முடியவில்லை.

இந்தக் கோடையில் மட்டி பொறுக்கும் பெண்கள் கூடைகளோடு வந்து சண்டை போட்டார்கள். விரிகுடாவின் நடுத்திட்டில் எடுக்கும் மட்டியெல்லாம் டீசல் நாற்றம் அடிக்கிறது, யார் ஊற்றுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். திட்டில் குழாய் இறக்கிச் சேறு எடுத்து வந்தார்கள். அந்தச் சேற்றின் கோடு திரையில் எழுந்தபோது ஒலிந்தாவுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம்தான் பார்ஜ் காணாமல் போன ஆற்று முகம் நினைவுக்கு வந்தது. துவைக்க மனசு வராமல் பீரோவில் வைத்திருந்த இனாசியோவின் வேலைச் சட்டையைக் கொண்டுவந்து, எண்ணெய்க் கறை படிந்த முழங்கைப் பகுதியில் ஒரு துண்டு வெட்டி, அதையும் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வோர் எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. வலது ஓரத்தில் கனமானவை நிற்கும் வரிசையில் அது இருக்கும், எத்தனை காலம் ஆனாலும் அழியாது. இரண்டும் ஒன்றே.

ஆகவே பார்ஜ் ஆழ்கடலில் இல்லை. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற திட்டுக்கு அடியில், முக்குளிப்பவர்கள் போய்த் தொடக்கூடிய ஆழத்தில் கிடக்கிறது. இனாசியோவும் அங்கேயே கிடக்கிறான். அறிக்கை நாளைக்குப் போனால் ஆள் இறக்குவார்கள், எலும்பாவது கைக்கு வரும். அதற்கு இந்தப் பாழாய்ப் போன வெற்றுக் குப்பி வாயை மூட வேண்டும்.

அவள் ஆய்வுக்கூடத் தலைவர் வெரேங்கருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், மறுபடியும் அதேதான்."

"வலப்பக்கமா?"

"வலப்பக்கம் பார்ஜ் எண்ணெயேதான். ஆனா இடப்பக்கமும் நிறைஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. "இடப்பக்கம் மொட்டையா இல்ல இருக்கணும்?"

அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் வருபவை எடை குறைந்தவை. அவைதான் முதலில் ஆவியாகும், கரையும், புழுபூச்சி தின்னும். திட்டுச் சேற்றின் கோட்டில் இடப்பக்கம் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. சட்டைத் துண்டிலும் அப்படியே. வெற்றுக் குப்பியிலோ இடப்பக்கம் முழுக்க முழுக்க நிமிர்ந்து நின்றது.

"மூணு வருஷம் சேத்துல ஊறினது எப்படிம்மா காலையில ஊத்தின மாதிரி இருக்கும்? வர்ற வழியில பெட்ரோல் போட்டியா?"

"போட்டேன்னே வச்சுக்கோங்க. பெட்ரோல் பங்க்ல பார்ஜோட கைரேகை எப்படி வரும்?"

"அதுவும் சரிதான்." அவர் யோசித்தார். "வேற ஏதாவது தெரியுதா?"

"கை எண்ணெய் இருக்கு, தோல்ல ஊறுமே அது. நல்லா உசரமா."

"பாத்தியா, யாரோ உறை போடாம தொட்டிருக்காங்க."

"இங்க என்னைத் தவிர யாரு இருக்கா?"

"அப்ப நீதான் தொட்டிருக்க. போ. பஞ்சுல துடைச்சு எடுத்தியே, வீடு, வண்டின்னு, அதெல்லாம் ஓட்டு. எங்கேருந்து வருதுன்னு மட்டும் காட்டு, காலையில கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன். இல்லாட்டி அந்த முதலாளியோட வக்கீல் நம்மள வறுத்துத் தின்னுடுவான்." பிறகு குரலை இளக்கி, "ஊரே கிணத்துல குதிக்குது, நீ மட்டும் குப்பிக்குள்ள குதிச்சிருக்கியேம்மா. சீக்கிரம் வீட்டுக்குப் போ," என்றார்.

அவள் சிரித்து வைத்தாள். போனைக் கீழே வைத்த பிறகு, வெற்றுக் குப்பிக்கான கரைப்பானைத் தயாரித்த கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கழுத்து சுண்டுவிரல் நுழையாத அளவுக்குக் குறுகல், வயிறு உருண்டை. வயிற்றுப் பகுதியில் மங்கலாக ஒரு கறை. வெளியே துடைத்தாள், போகவில்லை. கரைப்பான் நனைத்துத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. குடுவையைச் சுழற்றிப் பார்த்தபோது கறைக்குள் வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய வரிகள் தெரிந்தன, உள்பக்கத்திலிருந்து அழுத்திய கட்டைவிரலுக்கு இருக்கும் வரிகள். கண்ணாடியின் பழுதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குடுவையை மேஜையின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வைத்தாள்.

துடைத்த பஞ்சுகளின் குப்பிகள் தட்டில் வரிசையாக நின்றன. கோடு வரையும் கருவியின் சின்னக் கை இறங்கி முதல் குப்பியைக் குத்தியது. ஒவ்வொரு கோடும் வரைந்து முடிய ஒரு முழு ஜெபமாலை சொல்லுகிற நேரமாகும். அவள் ஜெபமாலையை எடுக்கவும் செய்தாள், இரண்டாவது பத்தில் எண்ணிக்கை தவறிப்போய் வைத்துவிட்டாள்.

முதலில் குளிரறைக் கதவு. திட்டுச் சேற்றுக் குழாய்கள் அங்கேதான் நிற்கின்றன, அழுக்கு அங்கிருந்து வருவதுதான் நியாயம். கோடு சோம்பலாக ஊர்ந்தது. ஏதோ கொஞ்சம் இருந்தது, இடப்பக்கம் மொட்டை. அது இல்லை.

அடுத்து அவள் வேலை செய்யும் மேஜை. இடப்பக்கம் லேசாகத் தலை நீட்டியது. அடுத்து ஸ்கூட்டரின் கைப்பிடி. இடப்பக்கம் நன்றாகவே எழுந்தது. மழை ஜன்னலில் அறைந்தது. கீழே மேளம் எங்கோ தூரத் தெருவுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. 'குபுக்' என்றது கண்ணாடிக் கருவி. கரைப்பானின் இனிப்பான நாற்றத்துக்கு அடியில் வேறொரு நாற்றம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சேறு. வற்றின கழிமுகத்தின் சேறு. குளிரறைக் கதவு சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்த் தள்ளிப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது வீட்டு வாசல் தாழ்ப்பாளின் கோடு வரைந்துகொண்டிருந்தது. இதுவரை வந்ததிலேயே உயரம். வலது ஓரத்தில் கை எண்ணெயின் தனி முகடு, கோபுரம் மாதிரி.

அவள் உட்கார்ந்தாள். எண்ணெய் பட்டு எத்தனை நேரமானது என்பதை இடப்பக்கம் சொல்லும்; அது நிறைய நிறைய, பிறந்த இடம் கிட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குளிரறையைவிட மேஜை புதுசு, மேஜையைவிட வண்டி புதுசு, வண்டியைவிட வீட்டுக் கதவு புதுசு. இங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்துதான் இங்கே வந்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கமும் கூடவே வந்தது. வீட்டில் அந்த டப்பா இருக்கிறதே!

சேறு வேலை முடிந்ததும் மிச்சத்தை ஒப்படைத்து அழிக்க வேண்டும்; ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. ஆனால் இரண்டு கோடுகளும் ஒன்றாகப் பொருந்திய அன்று ஒலிந்தா மிச்சச் சேற்றை அழிக்கவில்லை. உடம்பு கிடைக்காதவன் கிடந்த சேறு ஆயிற்றே. பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், பீடத்தில் இனாசியோவின் படத்துக்குக் கீழே வைத்து, மூன்று வருஷமாக வைக்க இடமில்லாமல் இருந்த மெழுகுவத்தியை அதன் முன்னால் ஏற்றினாள். கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சேற்றை வெறும் கையால் தொட்டாள். குளிர்ச்சியாக, மிருதுவாக இருந்தது. "வீட்டுக்கு வா," என்று சொன்னாள். அழுகையில் என்னென்னமோ சொன்னாள், அதில் அதுவும் ஒன்று.

ஆக, டப்பாதான். அசட்டு வேலை. வெரேங்கரிடம் ஒப்புக்கொண்டு திட்டு வாங்கினால் தீர்ந்தது. டப்பாவின் பஞ்சு அடுத்த குப்பிதான். அவள் எழுந்து ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தபடி, கோடு வளர்வதை ஏறக்குறைய சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் மொட்டையாக இருந்தது.

வழித்தெடுத்த மாதிரி. மூன்று வருஷத்துச் சேறு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கை எண்ணெயும் இல்லை. அது சேற்றில் சில மாதங்கூடத் தாங்காது, சிதைந்துவிடும்.

தேநீர் ஆறிப் போயிற்று. வெளியே பொழுது மங்கி, ஜன்னலில் அவள் முகமே தெரியத் தொடங்கியிருந்தது. விளக்கு ஒரு தரம் இமைத்துவிட்டு அணைந்தது. கீழே ஊர் முழுக்க ஒரு நொடியில் இருண்டது. மேளம் நின்றது. கருவி மட்டும் மின்கல உதவியில் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. சின்னக் கை இருட்டில் இறங்கிக் கடைசிக் குப்பியைக் குத்தியது.

கடைசிக் குப்பி, மெலிஷாவின் தலையணை.

அவர்களின் ஏழு வயது மகள். போன வாரம் காலையில் தலை வாரும்போது குழந்தையின் முடியில் டீசல் வாடை அடித்தது. படகுத் துறையில் போய் விளையாடினாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். எங்கே போனாய் என்றதற்கு எங்கேயும் போகவில்லை என்றாள். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று தலையணையையும் பஞ்சால் துடைத்து எடுத்திருந்தாள்.

கோடு கிளம்பியது. கிளம்பியபடியே போய்த் திரையின் மேல் விளிம்பை முட்டியது. இடப்பக்கம் ஒரு காடு. பீப்பாயிலிருந்து இப்போதுதான் ஊற்றினதுபோல, ஒரு முகடுகூடக் குறையாமல். வலப்பக்கம் பார்ஜ், சந்தேகமே இல்லை. அதற்கு நடுவே கை எண்ணெயின் முகடு. திரையைத் தாண்டி எங்கோ போயிற்று.

குழந்தைகளின் தோலில் இந்த எண்ணெய் அவ்வளவாக இருக்காது. பெரியவர்களுக்குத்தான் ஊறும்.

பெரிய தலை ஒன்று அந்தத் தலையணையில் படுத்திருக்கிறது. ஒரு நாள் அல்ல.

ஒலிந்தா கொழுந்தன் செபிக்குப் போன் செய்தாள். இனாசியோவின் தம்பி, காலையில் கிணறு பார்க்கக் குழந்தையைக் கூட்டிப்போனவன் அவன்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுத்தபோது பின்னணியில் பத்துத் தொண்டைகள் பாடிக்கொண்டிருந்தன.

"விவா, அண்ணி! எங்க இருக்கீங்க? இங்க கரண்ட்டு போச்சு, நாங்க பாட்டை விடலயே!"

"மெலிஷா எங்க?"

"என்ன?"

"மெலிஷா எங்க செபி?"

"ஏன், தூங்கிட்டாளா அதுக்குள்ள? நல்ல ஆட்டம் இன்னைக்கு. மூணு கிணத்துலயும் என் தோள் மேலதான் உக்காந்திருந்தா, கீழ இறங்க மாட்டேங்கறா, ராணியம்மா..."

"செபி. அவ உன்கூட இல்லையா?"

பாட்டு கொஞ்சம் தள்ளிப் போயிற்று. அவன் எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும். "என்ன அண்ணி, விளையாடறீங்களா? இருட்டினதும் தூங்கி வழிஞ்சா, வீட்டுக்குக் கொண்டு வந்து குடுத்தேனே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

அவள் கை இருட்டில் வண்டிச் சாவியைத் தேடியது.

"கதவு தொறந்துச்சு, உள்ள ஒரே இருட்டு. கைய நீட்டினீங்க, குடுத்தேன். கை ஐஸாட்டம் இருந்துச்சு, ஈரம் சொட்டுது. என்ன அண்ணி, நீங்களும் கிணத்துல குதிச்சிட்டீங்களான்னுகூடக் கேட்டேன். பேசாம உள்ள போய்ட்டீங்க. கோவம்போல, ஃபெனி சாராய வாடை அடிச்சிருக்கும்னு நெனச்சேன்." குரல் தேய்ந்தது. "அண்ணி? நீங்கதானே?"

போனை அவள் அணைக்கவில்லை. அப்படியே பைக்குள் போட்டாள். செபி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மேட்டுச் சாலையில் மழை எதிரே வந்து அடித்தது. வண்டியின் வெளிச்சத்தில் சாலை முழுக்கச் செம்மண் தண்ணீர், உதிர்ந்த இலைகள், யாரோ கழற்றி எறிந்த பூவளையங்கள். சான்கோலே திருப்பத்தில் நனைந்த கூட்டமொன்று அவளைப் பார்த்துக் கை தூக்கிக் கத்தியது. அவள் ஒலிப்பானில் கையை வைத்தபடியே ஊடே புகுந்து போனாள். கைப்பிடி வழுக்கியது. மழையால்தான் என்று நினைத்தாள். உள்ளங்கையை முகர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம். பார்க்க வேண்டாம்.

ஆறு இடது பக்கம் கூடவே வந்தது. கறுப்பு.

வீடு.

கதவு திறந்து கிடந்தது. விளக்கில்லை. வாசற்படியிலேயே நாற்றம் வந்து முகத்தில் மோதியது. டீசல், சேறு, அழுகின மட்டி, அவை எல்லாவற்றுக்கும் அடியில் மெலிதாக, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வரும் அவன் கழுத்து வேர்வை. மூன்று வருஷமாக அந்தச் சட்டையில் மூக்கை வைத்துத் தேடியும் கிடைக்காத வாசனை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு இனிப்பாக இருந்தது. அந்தக் கணத்துக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"மெலிஷா?"

போனின் விளக்கைப் போட்டாள். பீடம் இருந்தது. படம் இருந்தது. டப்பா கவிழ்ந்து, உள்ளே துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கிருந்து தரையில் அகலமாக ஒரு தடம். காலடி அல்ல, எதையோ இழுத்துக்கொண்டு போன தடம். அதன் மேல் எண்ணெய் மினுங்கியது. நீலம், ஊதா.

படுக்கையறைக்குள் யாரோ மெதுவாகப் பாடினார்கள். குழந்தையின் குரல். காலையிலிருந்து கேட்ட கிணற்றுப் பாட்டு.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் மெலிஷா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பண்டிகைக்குப் போட்ட வெள்ளைக் கவுன். கால் இரண்டும் மறு ஓரத்தில் தொங்கி ஆடின. தலை படிய வாரியிருந்தது. ஈரமாக, கறுப்பாக, சொட்டச் சொட்ட. கவுனின் முதுகு முழுக்கக் கறுப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு. அம்மாகிட்ட வா."

"லைட்ட மூஞ்சில அடிக்காதம்மா," என்றாள் குழந்தை திரும்பாமலே. "அப்பாக்குக் கண்ணு கூசுதாம்."

வெளிச்சம் குழந்தையின் முதுகில்தான் இருந்தது. முதுகுக்கும் அவளுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது, கனமான ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு. அந்தப் பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறி ஊறிச் சேர்ந்துகொண்டிருந்தது.

பின்னல் கீழே தொங்கவில்லை. ஒலிந்தாவை நோக்கி, வெறும் காற்றில், விறைப்பாக நீண்டு நின்றது. அதன் நுனியில் முடி மூன்று பிரிகளாகப் பிரிந்திருந்தது. வலது பிரி நடுவே ஏறியது. இறுகியது. இடது பிரி நடுவே ஏறியது. இறுகியது.

"இனாஸ்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவள விட்டுடு இனாஸ். நாளைக்கு ஆள் அனுப்பறாங்க. திட்டு எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். உன்னத் தூக்கிருவாங்க. குழி வெட்டி, மெழுகுவத்தி ஏத்தி... நான் வரேன். வேணும்னா நான் வரேன். அவ கொழந்த."

பிரிகள் நின்றன. வீடு முழுக்க ஒரு சொட்டும் விழவில்லை.

பிறகு வலது பிரி நடுவே ஏறியது.

"யாரும் வர வேணாமாம்," என்றாள் மெலிஷா. அந்தக் குரலில் பயமே இல்லை, அதுதான் ஒலிந்தாவை உடைத்தது. "அங்க ரொம்ப இருட்டா இருக்காம்மா. நான் கூட இருந்தாப் போதுமாம். தலை வாரி முடிச்சதும் போலாம்னாரு."

ஒலிந்தா பாய்ந்தாள். குளிர். எலும்புக்குள் இறங்கும் குளிர் ஒன்றினூடே விழுந்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள். எண்ணெய். விரல்களுக்கு இடையே சின்னக் கை மீனாக வழுகி வெளியே போயிற்று. கவுனைப் பற்றினாள், துணி வழுகியது. தரை வழுகியது. முழங்கால் மடங்கி விழுந்தாள். போன் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய், அங்கிருந்து வெளிச்சத்தைச் சுவரில் எறிந்தது. உள்ளேயிருந்து செபி "அண்ணி, அண்ணி" என்றான்.

சுவரில் குழந்தையின் நிழல். அதன் பின்னால் வேறு நிழல் இல்லை. பின்னல் மட்டும், நீளமாக.

பின்ன வேண்டிய முடி இன்னும் ஒரு விரல் அளவுதான். வலது. இடது. வலது.

"இழுக்காம இரும்மா, பின்னல் கோணிடும்," என்றாள் மெலிஷா.

தலையணை மேல் கிடந்த வெள்ளை நாடா மெதுவாக எழுந்தது. காற்றில் தவழ்ந்து வந்தது. தொட்ட இடத்திலிருந்து கறுத்துக்கொண்டே, பின்னலின் நுனியை ஒரு சுற்றுச் சுற்றியது.

ஒரு முடிச்சு விழுந்தது.

அப்புறம் இன்னொன்று.